ஆறு எடுக்காத நோட்டு

தம்பிக்கும் பாப்பாவுக்கும் அப்பா எழுதுகிறேன். அக்கா ஏன் காலையில் ஓடுவதை நிறுத்திவிட்டாள் என்று போன வாரம் சாப்பிடும்போது கேட்டீர்கள். நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன். பத்தாவது வரை படித்தவன் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல்கலைக்கழகத்தில் என்.சி.சி. ஸ்டோர் பார்ப்பது உங்களுக்குத் தெரியும். மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கொடுக்கிற இடம் அது. பூட்ஸ், தொப்பி, பெல்ட், சுடாத மரத் துப்பாக்கி எல்லாம் என் பொறுப்பு. ஒரு காலத்தில் ஆம்பளைப் பையன்கள் எல்லாருக்கும் அது கட்டாயமாம், மைதானம் கொள்ளாதாம். எனக்கு முந்தி அந்த வேலை பார்த்தவர் சொல்லுவார். அப்புறம் விரும்பினவர்கள் மட்டும் என்றானது. நான் சேர்ந்தபோது அணிவகுப்பு முடிந்து கொடுக்கிற பூரி கிழங்குக்காகவே பாதிப் பேர் வந்தார்கள். பெண்களைச் சேர்த்தது என் கண் முன்னால். முதல் வருஷம் அவர்களுக்கு அளவான பூட்ஸ் கிடையாது. முனையில் துணியைத் திணித்துக்கொண்டு நடந்தார்கள். யார் சேர்ந்தார், யார் எந்த முகாமுக்குப் போனார் என்பதெல்லாம் ஸ்டோர் அலமாரியில் நோட்டு நோட்டாக இருந்தது.

அக்கா அங்கேயே படிக்க வந்து, பயிற்சியில் சேரப்போவதாகச் சொன்னபோது, "ஒனக்கு எதுக்குளா இந்த வேல?" என்றேன்.

"எப்பா, போலீஸ் தேர்வுல இதுக்குத் தனி மார்க் உண்டு. சி சர்டிபிகேட் மட்டும் வாங்கிட்டேன்னு வைங்க, காக்கிச் சட்டயில வந்து ஒங்களுக்கே சல்யூட் அடிப்பேன்."

உங்க அம்மா அடுப்படியிலிருந்து, "மொதல்ல அந்தச் சட்டைக்குக் கஞ்சி போடப் படி. நாந்தான் கெடந்து சாவுதேன்" என்றாள்.

களக்காட்டுப் பக்கம் பத்து நாள் முகாம் நடந்தது. எங்கள் இடத்திலிருந்து பதினொரு பேர் போனார்கள், அக்காவும் போனாள். முகாமுக்குப் போன பதிவு இருந்தால்தான் அந்த சி சர்டிபிகேட் பரீட்சை எழுத முடியும். அந்த முகாம் நோட்டு என் அலமாரிக்கு வந்தது. மேலிடத்துக்கு நகல் அனுப்ப வேண்டும். ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அந்தச் சமயம் ஆய்வுக்கு அதிகாரி வருவதாகத் தகவல். ஆய்வுக்கு முந்தி நாங்கள் 'கண்டம்' பண்ணுவோம், உதவாததைக் கழிப்பதற்கு அந்தப் பெயர். உதவாத பூட்ஸை வேறு யாரும் எடுத்துப் போட முடியாதபடி கோடாலியால் இரண்டாக வெட்டி, மைதானத்து மூலையில் கொளுத்துவோம். கழிக்கிற காகிதமும் அதோடு போகும். கழிப்பதற்குச் சிவப்புக் கயிறு, வைத்துக்கொள்வதற்கு வெள்ளைக் கயிறு. அன்றைக்கு வெள்ளைக் கயிறு தீர்ந்துபோயிருந்தது. முகாம் நோட்டையும் பழைய நோட்டுகளையும் அடுக்கி, இப்போதைக்கு இருக்கட்டும் என்று சிவப்புக் கயிற்றில் கட்டினேன். கட்டினது நான். மறுநாள் தீயில் தூக்கிப் போட்டதும் நான்தான். "சீக்கிரம் அண்ணாச்சி, மழ வருது" என்று பயிற்சி கொடுக்கிற ஹவில்தார் அவசரப்படுத்தினார். நான் பிரித்துப் பார்க்கவில்லை.

அலமாரியில் முகாம் நோட்டு இருந்த மேல்தட்டு காலியாக இருப்பதைச் சாயங்காலம்தான் பார்த்தேன். ஓடிப்போய்ச் சாம்பலைக் கிளறினேன். ஓர் அட்டையின் ஓரம் கிடைத்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். நாலைந்து நாள் அப்படியே போனது. முகாம் நடத்தின அதிகாரி அப்போது இங்கேதான் இருந்தார். உடனே போய்ச் சொல்லியிருந்தால் புதுசாக எழுதிக் கையெழுத்து போட்டிருப்பார். அந்த வாரக் கடைசியில் அவர் வடக்கே மாற்றலாகிப் போய்விட்டார்.

பிறகு ஆற்றில் வெள்ளம் வந்தது. ஸ்டோருக்குள் இடுப்பளவு தண்ணீர், தொப்பிகள் மிதந்தன. பயிற்சி பார்க்கிற பேராசிரியர் வாசலில் நின்றபடி, "நோட்டெல்லாம் ஆத்தோட போச்சா அண்ணாச்சி?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். வாய் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை என்று அன்றைக்கு என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

பதினொரு பேரும் முகாமுக்குப் போனது உண்மை என்று அவர் கடிதம் எழுதினார். பதிவு இல்லாமல் செல்லாது என்று திரும்பி வந்தது. அக்கா பரீட்சை எழுதவில்லை. போலீஸ் தேர்வில் மார்க் பற்றாமல் தேறவில்லை, காலை ஓட்டத்தையும் அதோடு விட்டுவிட்டாள். இப்போது வண்ணார்பேட்டையில் துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறாள். பஸ் ஆற்றுப் பாலத்தில் ஏறினதும் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொள்கிறாள். தை அமாவாசைக்கு ஆற்றில் குளிக்க அம்மா கூப்பிட்டபோது, "அந்த ஆத்து மூஞ்சியில நான் முழிக்க மாட்டேன்" என்றாள். நான் துண்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் ஆண்டு மலருக்குப் பயிற்சியின் வரலாறு வேண்டுமாம். "பழைய ஆளு நீங்கதான் அண்ணாச்சி, ஞாபகத்துல இருக்கதச் சொல்லுங்க" என்றார் பேராசிரியர். கட்டாயமாக இருந்த காலம், பூரி கிழங்கு, பூட்ஸில் திணித்த துணி எல்லாம் சொன்னேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். முதல் வரியே 'ஆவணங்கள் வெள்ளத்தில் அழிந்தன' என்று இருந்தது. "சரிதான அண்ணாச்சி?" என்றார்.

"சரிதான் சார்."

மலர் நேற்று வீட்டுக்கு வந்தது. அக்கா முதல் வரியைப் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டாள்.

ஆறு ஒன்றும் செய்யவில்லை, பிள்ளைகளா. உங்களுக்கு எழுத முடிகிறது, அவளிடம் வாயைத் திறக்க முடியவில்லை. நாளைக் காலையிலும் அவளைக் கடை பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போகவேண்டும்.