அதே இடுப்பெலும்பிலிருந்து

முட்டி தேய்ந்துபோனதில் என் மனைவிக்கு இருந்த ஒரே குறை, மகனின் கல்லறையில் மண்டியிட முடியவில்லை என்பதுதான். படி ஏற முடியாததை அவள் பொருட்படுத்தவில்லை. ஆண்டுதோறும் கல்லறைத் திருநாளுக்கு முன்பு பிரேசர் டவுன் வீட்டிலிருந்து ஆட்டோவில் போவாள். மண்டியிட்டுப் புல் பிடுங்குவாள், கல்லைக் கழுவுவாள். வேறு யாரையும் தொட விடமாட்டாள், என்னையும்தான். முட்டி தேய்ந்த பிறகு இரண்டு வருடம் நின்றபடியே ஜெபம் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

நான் சுகாதாரத் துறையில் கோப்பு பார்த்தே கிழவனானவன். ஒரு சிகிச்சைக்கு யார் அனுமதி தர வேண்டும், யார் கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் பழியை யார் தலையில் வைக்க வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. சிகிச்சை பலிக்குமா என்ற கேள்வி மட்டும் எங்கள் பிரிவுக்கு வந்ததில்லை.

ஸ்டெம் செல் என்ற சொல் நகரமெங்கும் விளம்பரமாகத் தொடங்கியிருந்த காலம் அது. நாங்கள் பார்த்த இளம் எலும்பு மருத்துவர் நேர்மையானவர். இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அதிலுள்ள மீசென்கைமல் என்ற ஒரு வகை ஸ்டெம் செல்களைப் பிரித்து முட்டிக்குள் செலுத்துவதாம். குருத்தெலும்பு புதிதாக முளைத்துவிடாது. அந்தச் செல்கள் வீக்கத்தைத் தணிக்கும், பழுது பார்க்க மற்ற செல்களைக் கூப்பிடும், பிறகு தாமே மறைந்துவிடும். தாம் செய்யாமல் பிறரை வேலை வாங்கிவிட்டுப் போகிறவர்களை அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு நம்பிக்கை வந்தது.

“மண்டி போட முடியுமா டாக்டர்?” என்றாள் அவள்.

“சான்ஸ் இருக்கும்மா. ப்ராமிஸ் பண்ண மாட்டேன்.”

“பொருந்துமான்னு டெஸ்ட் எடுக்கணுமா?”

அவர் சிரித்தார். “உங்களோடதே உங்களுக்குப் பொருந்தாமப் போயிடுமா? இந்த டைப் செல்லுக்கு மேட்சிங் ரொம்பப் பாக்கவே வேணாம்மா. வேற ஆளுங்களுக்குக்கூட குடுக்கலாம்னு ரிசர்ச் நடக்குது. அவ்ளோ சாது.”

அவள் மேசையைப் பிடித்து எழுந்தாள். கைப்பையை மறந்துவிட்டாள். நான்தான் எடுத்து வந்தேன்.

மருத்துவருக்குத் தெரிய நியாயமில்லை. தொண்ணூற்றொன்றில் எங்கள் மகனுக்கு மஜ்ஜை வற்றும் நோய் வந்தது. ஒன்பது வயது, ஒரே பிள்ளை. வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால் பிழைப்பான் என்றார்கள். எங்கள் இருவரின் ரத்தத்தையும் சோதித்துவிட்டு, பொருந்தவில்லை என்றார்கள். அந்தக் கிறிஸ்துமஸை அவன் பார்க்கவில்லை.

திரும்பும் ஆட்டோவில் விளக்கத் தொடங்கினேன். விளக்குவது எனக்கு வியாதி.

“மஜ்ஜைல ரெண்டு வகை செல்லு இருக்கு. ஒண்ணு ரத்தம் உண்டாக்கறது. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான், அதுக்குத்தான் பொருத்தம் பாக்கணும். இவர் சொல்றது வேற, எலும்பு குருத்தெலும்பு பக்கம் வேலை செய்யறது.”

“ரெண்டும் ஒரே எலும்புலதான இருக்கு?”

“ஆமா, ஆனா...”

“என் இடுப்புலதான?”

“ஆமா.”

“அவனுக்கு ஒதவாத எலும்பு என் முட்டிக்கு மட்டும் ஒதவணுமா? வேணாங்க.”

“அப்புறம் எப்படி அவன்கிட்ட மண்டி போடுவ?”

“நின்னுக்கறேன்.”

நான் சொன்னதில் ஒரு வரிகூடத் தவறில்லை. மறுநாளும் சொன்னேன், அடுத்த வாரமும் சொன்னேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நிறுத்திவிட்டேன்.

அந்த வருடம் திருநாளுக்கு முன்பு கல்லறைக்குப் போனபோது, கைத்தடியை ஊன்றி நின்றவள், “நீங்க மண்டி போடுங்க” என்றாள்.

கோவிலில்கூட மண்டியிடாமல் பின்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறவன் நான். மண்ணில் இறங்கினேன். கைக்கு வந்ததையெல்லாம் பிடுங்கினேன்.

“ஐயோ, அது புல்லு இல்லைங்க! டேபிள் ரோஸ். குனிய முடிஞ்சப்ப நான் வெச்சது.”

பூவில்லாத சிவந்த தண்டு. வேர் அறுந்து என் கையில் கிடந்தது.

“டிபார்ட்மென்ட் பூரா தெரியும், ஒரு செடி தெரியாது. திரும்ப ஊனி அழுத்துங்க. அது யார் வெச்சாலும் புடிச்சுக்கும்.”

ஊன்றினேன். மேலே அவள் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நிமிராமல் அடுத்த புல்லைத் தேடினேன்.