கீழ்வீட்டுக்குக் கேட்ட கதை

எனக்கு வந்த முதல் அறிகுறி இருமல்தான். காசநோய்க்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்படித்தான் தொடங்கும். அதைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கப்புறம் வந்த அறிகுறியைப் பற்றி. அது வலியாகவும் வரவில்லை, மயக்கமாகவும் வரவில்லை. போனில் நாவல் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் மேல் எரிச்சலாக வந்தது.

தாராவியில் எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. நடுவில் பலகையும் தகரமும்தான். மேலே ஏற வெளிப்பக்கமாக ஓர் இரும்பு ஏணி. கீழே என் கணவரின் அக்கா பேச்சியம்மாள் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கிறாள். நான் மதினி என்று கூப்பிடுவேன். எனக்கு வந்திருப்பது பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய் (வழக்கமான மாத்திரைகளுக்கு அடங்காத கிருமி) என்று தெரிந்ததும் கணவர் கீழே படுத்துக்கொண்டார். மேலறை எனக்கு மட்டும் என்றாகிவிட்டது.

இப்போது இந்த நோய்க்குப் பெரும்பாலும் மாத்திரைதான். என் தலையெழுத்து, ஒரு மாத்திரை இதயத்துடிப்பைத் தடுமாற வைத்தது. அதை நிறுத்திவிட்டு அமிக்காசின் என்ற ஊசியைச் சேர்த்தார்கள். “காதில் இரைச்சல் கேட்டால் உடனே வந்து சொல்லுங்கள்” என்றார் மருத்துவர். இந்த ஊசி காதைக் கெடுக்கக்கூடும் என்பதால் மாதாமாதம் செவித்திறன் சோதனை (மூடிய அறையில் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொல்வது) செய்ய வேண்டும். முதல் தடவை செய்தார்கள், காது நன்றாக இருந்தது. அடுத்த தடவை போனால் மெஷின் ரிப்பேர், அப்புறம் வாருங்கள் என்றார்கள்.

எனக்கு நுரையீரலை விடக் காது முக்கியம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். செம்பூரில் ஒரு கேட்டரிங்காரரிடம் ஆர்டர் எடுப்பது என் வேலை. காலையிலிருந்து போன்தான். ‘சாம்பாரில் பூண்டு வேண்டாம்’ என்று ஒருவர் சொல்லி அது எனக்குக் கேட்காமல் போனால், ஒரு கல்யாணமே சண்டையில் முடியும். அதனால் இரைச்சல் வருகிறதா, வருகிறதா என்று காத்துக்கொண்டிருந்தேன். கடைசிவரை வரவே இல்லை.

படுத்தபடி படித்தால் தலை சுற்றியது. என் முதலாளியின் மனைவி ஓர் ஒலிநாவலை அனுப்பிவைத்தார். ஒரு நாட்டில் பெரிய அணை உடைகிறது, ஊர் ஊராக ஜனங்கள் வெள்ளத்தில் செத்துப்போகிறார்கள், நாடே துக்கம் கொண்டாடுகிறது. அதெல்லாம் நாவலில் கிடையாது. அரைக்கம்பத்தில் பறந்த கொடியை மறுபடி உச்சிக்கு ஏற்றுகிற நாளில்தான் நாவலே தொடங்குகிறது. மரகதம் என்று ஒரு பள்ளிக்கூடச் சமையல்காரி. அவள் கணவன் அணையில் காவலாளி. உடல் கிடைக்கவில்லை. துக்கம் முடிந்துவிட்டது என்று அரசாங்கம் அறிவித்த பிறகு அவள் என்ன செய்கிறாள் என்பதுதான் கதை.

மரகதத்தை எனக்குப் பிடித்துப்போனது. வருகிறவன் போகிறவன் எல்லாம் அவளை ‘தைரியசாலி’ என்கிறான், அவளுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்கும் அதே கதைதான். ஏணியடியில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, “நீ ஃபைட்டர்” என்று கத்திவிட்டுப் போகிறார்கள். ஒரு டம்ளர் கஞ்சி மேலே கொண்டுவர ஆள் கிடையாது, மதினியைத் தவிர.

ஊசி தொடங்கி கொஞ்ச நாளில் வாசிக்கிற பெண் முணுமுணுக்க ஆரம்பித்தாள். முதலில் நன்றாகத்தான் வாசித்தாள். பாதி நாவலுக்கு மேல் அவளுக்கே அலுத்துவிட்டது போல. சொற்களின் ஓரத்தையெல்லாம் முழுங்கினாள். சோகமான இடம் வந்தால் போதும், குரல் கிணற்றுக்குள் போய்விடும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாள், இதற்குக் காசு வேறு வாங்கியிருப்பாளே என்று திட்டினேன். சத்தத்தைக் கூட்டினேன். அப்புறமும் கூட்டினேன். கணவர் பழைய ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்துக் கொடுத்தார்.

அந்தச் சமயத்தில் குக்கர்கூட ஒழுங்காக விசில் அடிப்பதில்லை என்று தோன்றியது. கேஸ்கெட் போயிருக்கும் என்று மதினியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

ஒரு நாள் மத்தியானம் விழா நடக்கும் அத்தியாயம். மந்திரி மரகதத்தை மேடைக்கு அழைக்கிறார். அதற்கப்புறம் எனக்கு ஒரே முனகல். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள் போல என்று நானாக முடிவு செய்து, மரகதத்தின் மேலும் கோபப்பட்டுக்கொண்டு கிடந்தேன். மதினி சோற்றுத் தட்டோடு ஏணி ஏறி வந்தாள்.

“ஏட்டி, பொன்னாடையை மந்திரி மேசையிலயே மடிச்சு வச்சிட்டு வந்துட்டா பாத்தியா? ‘எம் மாப்பிள்ளைக்கு அளவு சரியா இருக்காது’ன்னு சொன்னா பாரு. எனக்கு மெஷின் மிதிக்க காலே வரல.”

“அது எப்ப சொன்னா?”

“இப்பதான். உன் தலமாட்டுல தானே பாடுது.”

ஸ்பீக்கர் என் தலையணைக்கு அருகில் இருந்தது. மதினி பலகைக்கும் தகரத்துக்கும் கீழே, ஓடுகிற மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒரு வார்த்தை தப்பவில்லை. சோறு எனக்கு இறங்கவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன்.

மறுநாள் மதினிதான் கூட வந்தாள். கணவருக்கு விக்ரோலியில் பகல் ஷிப்ட். பஸ் நிறுத்தத்திலேயே நான் கத்த ஆரம்பித்துவிட்டேன். காது போயிருந்தால் எல்லா மருந்தையும் சாக்கடையில் கொட்டிவிடுவேன், இவர்கள் மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம் என்றேன். “சும்மா காலி பீலி டென்ஷன் ஆகாத” என்றாள் மதினி. எங்கள் சந்தில் ஒருவர் பாதியில் மருந்தை நிறுத்தி இறந்துபோயிருந்தார். அவருக்குக் கடைசியாகத் தண்ணீர் கொடுத்தது மதினிதான்.

சோதனை அறையில் பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தேன். பிறகு மருத்துவர் முகக்கவசத்துக்குள்ளிருந்து இந்தியில் பேசினார். தலைக்கு மேலே மின்விசிறி வேறு. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்ததும் மதினி என்னைச் சுவரோரம் நிறுத்தி, தன் முகக்கவசத்தை இறக்கி, நிதானமாகச் சொன்னாள். “ஊசிய இன்னையோட நிறுத்தியாச்சு. வேற மாத்திர குடுத்திருக்காவ. மாத்திரைய ஒழுங்கா முழுங்கினா காது மெள்ள மெள்ளத் திரும்பிருமாம்.”

இதைப் படிக்கிற நோயாளிகளுக்கு ஒன்று சொல்வேன். மருத்துவர் சொல்வதை எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள். அவர் முறைத்தாலும் சரி, பின்னால் வரிசை நின்றாலும் சரி.

மாத்திரையை ஒழுங்காக விழுங்கினேன். தோல் கறுத்தது, பாதம் எரிந்தது, வாந்தி எடுத்துவிட்டு மறுபடி விழுங்கினேன். காது திரும்பிவிடும் என்ற ஒரே நினைப்புதான். காதுக்குக் கருவி வாங்கலாம் என்று கணவர் சொன்னபோது, திரும்பி வரப் போகிற காதுக்கு எதற்குத் தண்டச் செலவு என்று மறுத்துவிட்டேன்.

நாவலில் கடைசி அத்தியாயம் பாக்கி இருந்தது. என்னால் கேட்க முடியவில்லை. மதினி கீழே கேட்டுவிட்டு வந்து, காற்று வருகிற வாசல்படியில் உட்கார்ந்து சொன்னாள். முகக்கவசத்தை நான் போட்டுக்கொண்டேன். அவள் வாய் எனக்குத் தெரிய வேண்டுமே. “அவன் வந்துட்டாம்ட்டி. வேற ஊரு ஆஸ்பத்திரியில பேரு மறந்து கிடந்திருக்கான்.”

எனக்கு வந்ததே கோபம். இவ்வளவு நன்றாக எழுதிக்கொண்டு வந்து, கடைசியில் சினிமா மாதிரி முடித்துவிட்டாரே அந்த எழுத்தாளர். மாதக்கணக்கில் அவரைத் திட்டினேன். சளி வளர்ப்புச் சோதனையில் (சளியை வைத்து அதில் கிருமி முளைக்கிறதா என்று பார்ப்பது) தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்து, வெளியே நடமாடத் தொடங்கிய பிறகும் திட்டினேன்.

வேலை கையில் இல்லை. போனில் பேச முடியாதவளை வைத்துக்கொண்டு முதலாளிதான் என்ன செய்வார். காது சரியானதும் வாருங்கள் என்று செய்தி அனுப்பினார். காத்திருக்கிற நேரத்தில் ஒரு நாள் மாட்டுங்காவில் ஒரு தமிழ் நூலகத்துக்குப் போனேன். அந்த நாவல் அலமாரியில் இருந்தது. அந்த வெட்கக்கேட்டைக் கண்ணால் பார்த்துவிடுவோம் என்று கடைசி அத்தியாயத்தைப் புரட்டினேன்.

அவன் வரவில்லை. புதிய அணையைத் திறக்கிறார்கள். ஊரே வேடிக்கை பார்க்கப் போகிறது. மரகதம் அன்றைக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போய் அரிசி களைகிறாள். அவ்வளவுதான்.

அங்கேயே நின்றுகொண்டு இரண்டாவது தடவையும் படித்தேன். எழுத்தாளர் மேலிருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. அது போன இடத்தில் வேறொரு நினைப்பு வந்தது. கதையை மாற்றிச் சொன்னவள் வேறு என்னவெல்லாம் மாற்றிச் சொன்னாள்?

வீட்டுக்கு வந்து மெஷினுக்கு எதிரே நின்றேன். “மரகதம் மாப்பிள்ளை வரவே இல்லை, மதினி.”

மதினி தலை நிமிராமல் ஏதோ சொன்னாள். எனக்கு எட்டவில்லை. மெஷினின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினேன். “டாக்டர் அன்னைக்கு என்ன சொன்னாரு?”

அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை. ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்கார்ந்தேன். அவர் சொன்னதை ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்றேன்.

“நீ மருந்தக் கொட்டிருவேன்னு நின்ன. நான் வேற என்னட்டி செய்ய?” என்றாள்.

“அது எனக்கு வேண்டாம். அவர் சொன்னது வேணும்.”

சொல்ல ஆரம்பித்தாள். பாதியில் அழுகை வந்து, முந்தானையை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டாள். நாங்கள் எல்லோருமே அப்படித்தான் அழுவோம். எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகிறவளைத் தேற்றக்கூடத் தோன்றவில்லை.

“கைய எடுங்க மதினி. எனக்குத் தெரியல.”

எடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதலிலிருந்து, நான் பார்க்கும்படி சொன்னாள். போனது போனதுதான். இனித் திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றத்தான் ஊசியை நிறுத்துகிறோம். கருவி வைத்துப் பழக வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

சீக்கிரம் என்று அவர் சொன்னதற்கப்புறம் ஒரு மழைக்காலம் முழுக்க நான் காத்திருந்திருக்கிறேன். அந்த மாதங்களில் நாளை என்றால் எனக்குப் பழைய காதோடு எழுந்திருக்கும் நாள். அப்படி ஒரு நாள் இல்லை என்று ஆனதும் வீட்டில் எல்லாமே இருந்த இடத்தில் இருந்தன, நான்தான் எங்கே நிற்கிறேன் என்று தெரியாமல் நின்றேன். மதினியோடு ஒரு வாரம் பேசவில்லை. அடுத்த வாரம் கருவிக்கு அளவு எடுக்கப் போனோம். அங்கே இருந்த பெண் சொல்லச் சொல்ல, மதினி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் எழுதிக் கொடுத்த தாளை நானே படித்தேன்.