வளையல் ஊக்கு

கிருஷ்ணகிரி அணையில் மீன் பொரிக்கும் வாசனை பட்டதும் எனக்கு மறுபடி ஏழு வயதாகிவிட்டது. அன்றும் வார நாள்தான். ஷிப்டுக்குப் போன அப்பா பத்து மணிக்கே திரும்பி வந்து, "கெளம்புங்க, டேமுக்குப் போலாம்" என்றார்.

"லீவா?" என்றாள் அம்மா.

"ஆமா."

அணைக்கரையில் முள் எடுத்து எங்களுக்கு மீன் ஊட்டினார். பிறகு அம்மாவின் வளையலில் கிடந்த ஊக்கை வாங்கி, சட்டைப் பையில் தைத்திருந்த கம்பெனிப் பெயரை நூல் நூலாகப் பிரித்தார். விளையாட்டென்று நினைத்து நானும் இழுத்தேன். அந்தச் சட்டையோடுதான் மூன்று வருஷம் வேலை தேடினார்.

"அப்பா, கழுத்துல கார்டு காணோமே?" என்கிறாள் என் மகள். இன்று காலையில் என் கம்பெனி கேட்டிலேயே கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

"இன்னைக்கு லீவு கண்ணு" என்கிறேன், மீனில் முள்ளைத் தேடிக்கொண்டே.

மனைவி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவும் அன்று தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.