சாய்மானம்

வீட்டுத் தரகர்கள் நடுவே அவருக்கு 'சாய்மானம்' என்றுதான் பெயர். எந்த வீட்டைக் காட்டப் போனாலும் ஈரம் பூத்த சுவரை ஒரே பார்வையில் கண்டுபிடித்து, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார். வாங்க வந்தவர்கள் சமையலறையைப் பார்ப்பார்கள், ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும் யாரும் பார்த்ததில்லை. சட்டையில் ஒட்டிவந்த சுண்ணாம்பைத் தேய்த்துத் தேய்த்தே மனைவிக்கு விரல்தோல் உரிந்தது.

இனி லைசென்ஸ் இல்லாமல் யாரும் வீடு காட்டக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. பரீட்சையில் எப்படியோ கரையேறிவிட்டார். பாக்கி இருந்தது, அதிகாரி வந்து ஆபீசைப் பார்க்கும் சோதனை ஒன்றுதான். அதில் விழுந்தால் அவ்வளவுதான். இந்த வயதில் வேறு எந்த வாசலில் போய் வேலை கேட்பது? தையற்கடைக்குப் பின்னால் ஓர் அறையைப் பிடித்து, மேசை போட்டு, பெயர்ப்பலகை மாட்டினார்.

"ஆபீசரம்மா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க," என்றாள் மனைவி. "வீடு விக்கிற மாதிரி ஆரம்பிச்சிடாதீங்க."

"வாயே தொறக்கல, போதுமா?"

சோதனை நாளில் மனைவியும் கூட வந்து நின்றாள். சொன்னபடியே அவர் வாய் திறக்கவில்லை. வந்த அதிகாரி பலகையைப் பார்த்தார், மேசையைத் தட்டிப் பார்த்தார், தலையாட்டினார். கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர் நிமிர்ந்தார்.

"உக்காருங்களேன் சார். ஏன் நின்னுட்டே இருக்கீங்க?"

"பரவால்ல மேடம். பழக்கம்."

"கொஞ்சம் இப்படி வாங்க."

அப்போதுதான் அவருக்கே உறைத்தது. எப்போது போய்ச் சாய்ந்தார் என்று தெரியவில்லை. நகர்ந்தார். சுவரில் தட்டு அகலத்துக்குக் கறுப்பாக ஈரம்.

"இதையா மறைச்சீங்க? சுவர் ஈரமா இருந்தா லைசென்ஸ் கிடையாதுன்னு எந்தச் சட்டத்துலயும் இல்லையே சார்."

அவர் சிரிக்கப் பார்த்தார். உதடு விரியவில்லை.

"வீடு காட்டுறப்பவும் இப்படித்தான் நிப்பீங்களா?"

மனைவி முந்திக்கொண்டாள். "அவருக்கு இடுப்பு வலி மேடம். எங்க போனாலும் சாஞ்சுக்குவாரு."

"அப்படியா சார்?"

ஒரு 'ஆமா' போதும். காலமெல்லாம் நாக்கால் பிழைத்த மனுஷர். மனைவியின் கண்கள் கெஞ்சின. அவர் கால்கள் தாமாகப் பின்னால் போயின. முதுகு பழையபடி அந்த ஈரத்தில் போய் ஒட்டிக்கொண்டது.

அதிகாரி கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடினார்.