மூடாத மேற்கோள்குறிகள்

பழைய சி மொழி நிரலைப் பார்த்துக்கொள்கிற வேலையில், நாம் தொடாத வரிதான் ஒருநாள் தப்பாகிப்போகும். இதில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

புது கம்பைலர்

மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் எங்கள் அலுவலகம். பிஸ்கட் பொட்டலம் கட்டும் மெஷின்களுக்கு நிரல் எழுதுகிறோம். திரையில் மலாயிலும் தமிழிலும் வரும் எச்சரிக்கைகளை யாரோ ஒருவர், மேற்கோள்குறியை ஒரு வரியில் திறந்து மூன்றாம் வரியில் மூடி எழுதிவைத்திருந்தார். நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற பழைய கம்பைலர் அதைச் சகித்துக்கொண்டது. புதியது, வரிக்கு வரி மூடு என்று அடம்பிடித்தது. திருத்த ஒரு வாரம் கேட்டேன். மேனேஜர் பிரான்சிஸ் சார் நிமிர்ந்து பார்த்தார்.

"நேத்து ஓடுன மெஷின் இன்னைக்கும் ஓடுதுலா, அப்புறம் எதுக்கும்மா ரிப்பேர்?"

செல்வம் அண்ணனின் குறுக்குவழி

பக்கத்து மேசை செல்வம் அண்ணன், எல்லா வரிகளையும் தானாக மூடிவிட ஒரு சின்ன நிரல் எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுக்குள் வேலை முடிந்தது. ஆனால் வரி முடிவில் 'அடுத்த வரிக்குப் போ' என்ற குறியை அது போடவில்லை. எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளுமே என்றேன். மலாய்த் திரையைக் காட்டினார். எச்சரிக்கை ஓரத்தில் அறுபட்டிருந்தது, ஆனாலும் 'ஜாங்ஙான்', அதாவது 'வேண்டாம்', முதலிலேயே வந்துவிட்டதால் பொருள் கெடவில்லை. கம்பைலரும் ஒரு பிழைகூடச் சொல்லவில்லை.

"கம்பைலரே டியாமா வாயை மூடிட்டு இருக்கு, நீ ஏம்மா சத்தம் போடுறே?"

மாக் மண்டினில்

சோதனை ஓட்டத்துக்கு மாக் மண்டின் பேட்டையில் இருக்கும் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் போனேன். மெஷினை ஓட்டும் லெட்சுமி அக்கா திரையைத் தமிழுக்கு மாற்றினார். 'கத்தி சுழலும்போது கதவைத் திறக்க வேண்டாம்' என்று வர வேண்டும். கடைசிச் சொல் திரைக்கு வெளியே போய்விட்டது. 'கத்தி சுழலும்போது கதவைத் திறக்க.' அவ்வளவுதான்.

அக்காவின் கை கைப்பிடியில் இருந்தது. கதவைத் திறந்தாலும் கத்தி நிற்கச் சில நொடிகள் ஆகும். சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தேன். மெஷின் நின்றது. அக்காவுக்கு நான் வேலையைக் கெடுத்துவிட்டேன் என்று கோபம்.

"மெஷினே மரியாதையா திறக்கச் சொல்லுது, திறக்காம எப்படிலா இருக்கறது?"

மறுபடி முதலிலிருந்து

நடந்ததைச் செல்வம் அண்ணனிடம் சொன்னேன். அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு எச்சரிக்கையையும் அவர் வாய்விட்டு வாசிக்க, நான் கையால் திருத்தினேன். பிரான்சிஸ் சார் நான் கேட்ட வாரத்தைக் கொடுத்தார், காரணம் கேட்கவில்லை. நடுவில் அண்ணன் வாசிப்பதை நிறுத்தினார்.

"கம்பைலருக்குத் தமிழ் தெரியாதுல்லம்மா?"

நிரல் விதிப்படி சரி என்றால் கம்பைலர் திட்டுவதை நிறுத்திவிட்டது என்று மட்டுமே அர்த்தம், மெஷின் முன்னால் நிற்பவர் இன்னும் திட்ட ஆரம்பிக்கவில்லை.