இருபத்தைந்தில் ஒன்று குறைவு

பாளையங்கோட்டையில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரில்தான் விழும். அப்படி ஒரு நர்சரி பள்ளியின் வராந்தாவில், வெள்ளிக்கிழமை மூன்றரை மணிக்கு, பேச்சித்தாய் நின்றுகொண்டிருந்தாள். யு.கே.ஜி.யில் படிக்கும் மகள் உலகம்மையைக் கூட்டிப்போக வந்தவளை, கொஞ்சம் நில்லுங்கள் என்று கெசியா டீச்சர் நிறுத்தி வைத்திருந்தார். டீச்சர்மார் நிற்கச் சொன்னால் நல்ல சேதியாக இருக்காது என்பது எந்தத் தாய்க்கும் தெரியும்.

கெசியா டீச்சர் வெடுக்கென்று பேசுகிறவர் இல்லை. அன்றும் பையத்தான் ஆரம்பித்தார். அன்று காலை பிள்ளைகளிடம் சைட் வேர்ட்ஸ் அட்டைகளைக் காட்டிக் கேட்டிருக்கிறார். ஆள் முகத்தைப் பார்த்ததும் பேர் சொல்வது போல, எழுத்துக் கூட்டாமல், பார்த்த மாத்திரத்தில் சொல்ல வேண்டிய சின்னச் சின்ன இங்கிலீஷ் சொற்கள் அவை. மொத்தம் இருபத்தைந்து அட்டை. உலகம்மை மூன்றைச் சரியாகச் சொல்லியிருக்கிறாள். ஒன்றுக்கு வாயே திறக்கவில்லை. மீதி இருபத்தொன்றும் தப்பு. தயங்கித் தயங்கிச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. ‘கோ’ என்று எழுதிய அட்டையைப் பார்த்துக் கணீரென்று ‘கம்’ என்றிருக்கிறாள். ‘வாஸ்’ என்பதைக் காட்டினால் ‘சீ’ என்கிறாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

“தப்பா எடுத்துக்காதீங்க, உலகம்மை அம்மா. பாப்பாவுக்கு எழுத்து மனசுல நிக்கதுலயே ஏதும் கோளாறு இருக்குமோன்னு பெரிய மேடம் நினைக்காங்க.”

திங்கட்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னார். ஒன்றாம் வகுப்புக்கு ஏற்ற மாட்டார்களாம். டாக்டரிடம் சோதிக்கச் சொல்லி ஒரு கடிதம் தருவார்களாம். அதில் தாயும் கையெழுத்துப் போட வேண்டும். அதன் நகல் பிள்ளையின் ஃபைலில் இருக்கும், இனிப் போகிற பள்ளிக்கெல்லாம் கூடவே போகும். பேச்சித்தாய் தலையை ஆட்டிவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். கோளாறு என்ற சொல் கூடவே வந்தது.

பேச்சித்தாய் மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அஞ்சாவது முடித்த வருஷம் அம்மா படுக்கையில் விழுந்தாள். தம்பிமார் இரண்டு பேருக்குச் சோறு பொங்க ஆள் வேண்டியிருந்தது, அத்தோடு படிப்பு போயிற்று. பதினெட்டு வயதில் கொழுந்து கிள்ளப் போனாள். எஸ்டேட்டைக் காலி செய்து எல்லாரும் மலையிறங்கியபோது, அவளும் புருஷன் இசக்கிதுரையும் கைப்பிள்ளை வயசைத் தாண்டிய உலகம்மையும் ஐந்து மூட்டையோடு பாளையங்கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். அவனுக்குக் கூடங்குளத்தில் காண்ட்ராக்ட் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வீடு. அவளுக்கு டவுன் ஜவுளிக்கடையில் சேலை மடிக்கிற வேலை. வாங்க வந்தவர்கள் நாற்பது சேலையை விரித்துப் போட்டுவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போவார்கள். அந்த நாற்பதையும் இருந்த வரிசை பிசகாமல் மடித்து அடுக்குவாள். முதலாளியே ஒருமுறை மெச்சியிருக்கிறார்.

தமிழை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். இங்கிலீஷ் ஓர் எழுத்தும் தெரியாது. தெரியாது என்று ஒரு குருவியிடம்கூடச் சொன்னதில்லை. பேங்கில் தாளை நீட்டினால், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன் என்பாள். முப்பத்திரண்டு வயசுக்காரிக்கு ஏது கண்ணாடி? பிள்ளையைச் சேர்க்க வந்த அன்று, வீட்டில் சொல்லிக்கொடுக்கப் படித்த தாய் இருந்தால்தான் இடம் என்று பெரிய மேடம் கறாராகச் சொன்னார். இசக்கிதுரை முந்திக்கொண்டு, பத்தாவது பாஸ் என்றான். மேடம் எழுதிக்கொண்டார். பேச்சித்தாய் மறுக்கவில்லை. மகள் தன்னைப் போல ஆகிவிடக் கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனசில் இருந்தது.

தை மாசக் கடைசியில் உலகம்மைக்கு அம்மை போட்டது. பதினெட்டு நாள் வீட்டோடு. வேப்பிலை பரப்பிய பாயில் பிள்ளை கிடக்க, இவளும் கடைக்கு லீவு சொல்லிவிட்டாள். மூன்றாம் நாள் பள்ளி ஆயா வந்து வாசலிலேயே நின்று அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். போனில் டீச்சரின் குரல் பதிவும் வந்தது. அட்டை எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் ஒவ்வொரு சொல்லாக, இரண்டிரண்டு தடவை டீச்சர் சொல்லியிருந்தார். பெற்றவர்கள் உச்சரிப்பைச் சரிபார்த்துக்கொள்ளட்டும் என்று அனுப்பியது. பேச்சித்தாய்க்கு அது தெய்வமே வந்து கைகொடுத்தது போல இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து பாடம். போனை மடியில் வைத்துக்கொள்வாள், டீச்சர் ஒரு சொல் சொன்னதும் ஓர் அட்டையைக் காட்டுவாள், அடுத்த சொல்லுக்கு அடுத்த அட்டை. வரிசை பிசகாமல் வைத்திருப்பது அவளுக்குக் கைவந்த வேலை. கடைசியில் மட்டும் அட்டை தீர்ந்த பிறகு ‘வித்’ என்று ஒரு சொல் மிஞ்சும், அதையடுத்து ஓகே தேங்க்யூ என்று டீச்சர் முடிப்பார். இங்கிலீஷில் அப்படித்தான் விடைபெறுவார்கள் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். நாலே நாளில் உலகம்மை போனை முந்திக்கொண்டு சொன்னாள். அப்புறம் நடுவில் இருந்து உருவிக் காட்டினாலும் சொன்னாள். பேச்சித்தாய் உச்சி குளிர்ந்து போனாள். பெற்ற பெருமையை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இசக்கிதுரைக்குப் போன் போட்டுப் பிள்ளையைச் சொல்ல வைத்தாள். அவனுக்கும் இங்கிலீஷ் தெரியாது, அவனும் பூரித்தான்.

இப்போது வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த அட்டைகளை எடுத்து எண்ணினாள். டீச்சர் இருபத்தைந்து என்றாரே. இவளிடம் இருபத்து நாலுதான் இருந்தது. மறுபடி எண்ணினாள். இருபத்து நாலு. போனைத் தட்டிவிட்டு, சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிக் கேட்டாள். மிஞ்சுகிற அந்த ‘வித்’தோடு சேர்த்து இருபத்தைந்து.

அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. அட்டை வந்த அன்று பிள்ளை அதை வேப்பிலைப் படுக்கையில் பரப்பி வைத்து விளையாடினாள். மறுநாள் விடியற்காலையில் வாடிய இலையை முறத்தில் வாரிக்கொண்டு போய் வேப்பமரத்து மூட்டில் கொட்டியது இவள்தான். ஓர் அட்டை அதோடு போயிருக்கிறது. மூன்று சொல் சரி என்றால் நாலாவது அட்டைதான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு போன் ஒன்றைச் சொல்ல, இவள் அடுத்த அட்டையைக் காட்டியிருக்கிறாள். இருபத்தொரு சொல்லையும் தப்பும் தவறுமாகப் பிள்ளை தலையில் ஏற்றியது வேறு யாருமில்லை. கோளாறு பிள்ளைக்கு இல்லை, தனக்குத்தான் என்று தெரிந்ததும் முதலில் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் அரை நிமிஷம்தான். இதைச் சொன்னால் பத்தாவது பாஸ் என்ற பொய் வெளியே வரும், இடம் போகும். சொல்லாவிட்டால் கோளாறு என்ற கடிதம் பிள்ளையோடு போகும். இரண்டில் எதைச் செய்வது?

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்று சனிக்கிழமை காலையில் நினைத்தாள். நாலாவது இடத்தில் ஒரு வெற்று அட்டையைச் செருகி, போனைப் போட்டு, புதுசாகச் சொல்லிக்கொடுத்துவிட்டால் திங்கட்கிழமைக்குள் சரியாகிவிடாதா? உலகம்மை மூஞ்சியைத் தூக்கினாள். “இது கம்மு. நீதானம்மா சொன்ன” என்றாள். பேச்சித்தாய் இல்லை என்றாள், அதட்டினாள், ஒரு தடவை முதுகில் தட்டவும் செய்தாள். மத்தியானத்துக்குள் இரண்டு சொல்தான் மாறியது. அதற்கும் ஒவ்வொரு தடவையும் அட்டையைப் பார்க்காமல் தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளை வாயைத் திறந்தாள். கணீரென்று பேசுகிற பிள்ளைக்கு நாக்கு குழறியது. இன்னும் ஒரு நாள் இப்படிப் போட்டால் இல்லாத கோளாறு வந்துவிடும் என்று பயந்து, பேச்சித்தாய் அட்டைகளைக் கட்டி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்த இசக்கிதுரை, அம்மை போட்டதில் பிள்ளைக்கு ஞாபகம் மங்கிவிட்டது என்று சொல்லச் சொன்னான். கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடு, டாக்டரிடம் காட்டினால் அவரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிடப் போகிறார், இடம் போனால் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டான். அவன் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அவள் அவன் சட்டையைத் துவைத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை பத்து மணி. பெரிய மேடத்தின் பெயர் டெபோரா. கறுப்பு ஃபிரேம் கண்ணாடி, மேஜையில் ஒரு தூசி இருக்காது. பக்கத்தில் கெசியா டீச்சர். உலகம்மை வெளியே பெஞ்சில். மேடம் அதிகம் பேசவில்லை. இதில் பயப்பட ஒன்றும் இல்லை, எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஆங்கிலத்தில் அடித்த ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். தாளின் மேல் பேனாவை வைத்தார். வாசித்துப் பார்த்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போடச் சொன்னார்.

பேச்சித்தாய் பேனாவை எடுத்தாள். தாளில் கண்ணை ஓட்டுகிற மாதிரி பாவனை செய்வது அவளுக்குப் பழகிய வித்தை. மேலிருந்து கீழே ஓட்டினாள். நடுவில் எங்கோ தன் மகளின் பெயர் இருக்கும், எது என்று தெரியவில்லை. அதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்றும் தெரியவில்லை. கண்ணாடி கொண்டுவரவில்லை என்று சொல்ல நாக்கு தானாகவே புரண்டது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது மேடம்” என்றாள் பேச்சித்தாய். “அஞ்சாவதுதான் படிச்சிருக்கேன். பத்தாவதுன்னது பொய்.”

ஆரம்பித்தாகிவிட்டது, இனி நிறுத்த முடியாது. வேப்பிலை, முறம், போன், மிஞ்சிய சொல் எல்லாவற்றையும் கொட்டினாள். அட்டையைக் கலைத்துக் கேளுங்கள், எதைக் காட்டினாலும் அதற்கு முந்தின சொல்லைத்தான் சொல்லுவாள் என்றாள். சொல்லிவிட்டாளே ஒழிய, அவளுக்கே நிச்சயம் இல்லை. பிள்ளை உளறினால் இடமும் போகும், பொய்க்காரி என்ற பேரும் மிஞ்சும், கடிதமும் வரும்.

உலகம்மையைக் கூப்பிட்டார்கள். பேச்சித்தாய் அவள் முன்னால் குந்தி, அம்மையில் படுத்திருந்தபோது அம்மா முதலில் சொல்லித்தந்ததை அப்படியே சொல், என் முகத்தைப் பார்க்காதே என்றாள். கெசியா டீச்சர் தன் அட்டைகளைக் கலைத்தார். ஒரு கையில் சொல் வரிசை எழுதிய தாள்.

‘செட்’ அட்டைக்கு வாஸ் என்றாள். டீச்சரின் விரல் தாளில் ஒரு வரி மேலே போனது. ‘சீ’ அட்டைக்கு கோ. மறுபடி ஒரு வரி மேலே. ஐந்தாவது அட்டையில் டீச்சர் மேடத்தை ஒரு பார்வை பார்த்தார், மேடம் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து தாளைத் தானும் பார்த்தார். பன்னிரண்டாவது அட்டைக்குப் பிள்ளை பேசாமல் நின்றாள்.

“இது எங்க வீட்டுல இல்ல டீச்சர்” என்றாள் உலகம்மை. “நான் பாத்ததே இல்ல.”

அதுதான் ‘கம்’ அட்டை, டீச்சரின் வரிசையில் நாலாவது. சனிக்கிழமை அதட்டி மாற்றிய அந்த இரண்டு மட்டும் வேறாக வந்தன. மற்ற பத்தொன்பதிலும் ஒன்றுகூடப் பிசகவில்லை. கெசியா டீச்சர் அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டு, பன்னிரண்டு வருஷமாக நான் பாடம் எடுக்கிறேன், இரண்டு வாரத்தில் இத்தனை அட்டையை இப்படிப் பிடித்த பிள்ளையை நான் பார்த்ததில்லை என்றார். பேச்சித்தாய்க்குக் கண் கலங்கிவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தும் அழுதாள்.

டெபோரா மேடம் கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் போட்டார். சேர்க்கைப் படிவத்தைத் தேடி எடுத்து, பத்து என்பதை அடித்து ஐந்து என்று எழுதினார். பொய் எழுதியதைப் பற்றி உங்கள் வீட்டுக்காரரையும் வைத்துக்கொண்டு பேச வேண்டும், அது வேறு விஷயம் என்றார். குரலில் இளக்கம் ஒன்றும் இல்லை. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குப் போவாள் என்று மட்டும் சொன்னார்.

வராந்தாவுக்கு வந்ததும் கெசியா டீச்சர் அவளைத் தனியே நிறுத்தினார். “இனி மாத்திச் சொல்லிக்குடுக்கணும். நான் சொன்னா அவ நம்ப மாட்டா. அம்மா சொன்னதுதான் சரின்னு நிக்கா. நீங்கதான் அவகிட்ட சொல்லணும்.”

மேடத்திடம் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. பெஞ்சில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா சொல்லிக்கொடுத்தது தப்பு, அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தெரிந்த மாதிரி சொல்லிவிட்டேன் என்றாள். உலகம்மை வெகுநேரம் அவளையே பார்த்தாள். அழவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டாள், திரும்பிப் பார்க்கவில்லை.

பத்தே நாளில் இருபத்தைந்து சொல்லும் திருந்திவிட்டன. ஆனால் பிள்ளை இப்போது எதற்கெடுத்தாலும் ஒரு கேள்வி கேட்கிறாள். பால் சுடுகிறது, ஆற்றிக் குடி என்றால், “நெசமாவாம்மா?” என்கிறாள். அப்பா ஞாயிற்றுக்கிழமை வருவார் என்றால், “நெசமாவா?” ஒவ்வொரு தடவையும் பேச்சித்தாய்க்குச் சுருக்கென்று தைக்கும். நேற்று பஸ்ஸில் போகும்போது, ஒரு கடையின் இங்கிலீஷ் போர்டைக் காட்டி அதில் என்ன எழுதியிருக்கிறது என்று உலகம்மை கேட்டாள். முன்பென்றால் வாய்க்கு வந்த ஒரு பேரைச் சொல்லியிருப்பாள்.

“தெரியாதுட்டி” என்றாள் பேச்சித்தாய்.

நெசமாவா என்று பிள்ளை கேட்கவில்லை. தாயின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.