இடது காது

போன செவ்வாய்க்கிழமை ஒரு மான் செத்துப்போனது. கொன்றவன் நான்தான். துவக்கால் சுட்டு இல்லை... இரண்டு வாழைப்பழத்தால்!

கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்களை நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? பழத்தோலுக்குக் கிட்ட வரும். கையை நீட்டினால் பாய்ந்துவிடும். ஆனால் ஒரு பெண்மான் மட்டும் என்னைக் கண்டு ஓடாது. பள்ளிக்கூடம் போகும் வழியில் சைக்கிளை மதிலில் சாத்திவிட்டு, பின்னால் இடப்பக்கமாகப் போய் முதுகைத் தடவுவேன். தலையைச் சரித்தபடி நிற்கும். என் பேச்சைக் கேட்கிறதாம்! ஆசிரியர் அறையில் இதைச் சொல்லிச் சொல்லி எல்லோருடைய உயிரையும் வாங்கியிருக்கிறேன்.

மிருக வைத்தியர் நவாஸ் மூதூர்க்காரர், என் சிநேகிதர். ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன்.

"எந்தப் பக்கத்தால கிட்டப் போறீங்க, மாஸ்டர்?"

"இடப்பக்கத்தால. என்னில அவ்வளவு பட்சம் அதுக்கு."

"பட்சமும் இல்ல, ஒண்டும் இல்ல. அந்தக் காதுக்குள்ள முழுக்கச் சீழ். நீங்க வாறது கேக்காது. கேட்டாலும் ஓட ஏலாது, தலை சுத்தும்."

முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எத்தனை மாதம் ஒரு நோயைத் தடவிக்கொடுத்து, அதற்கு அன்பு என்று பெயர் வைத்திருக்கிறேன்!

வலை போட்டுப் பிடித்து, லிங்கநகரில் டொக்டர் வீட்டு வளவில் கட்டை நட்டுக் கம்பி அடித்து அடைத்தோம். மருந்து விட்டார், ஊசி போட்டார். சீழ் வற்றும், நாலு நாளில் திரும்ப வரும்.

"இனி மருந்து சரிவராது," என்றார் கடைசியில். "காதுக் குழாயின்ட வெளிச்சுவரை வெட்டித் திறந்து விடுவம். சீழ் வழிய வழி வேணும். விட்டா மூளைக்கு ஏறிடும்."

ஒபரேஷன் நடந்தபோது தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். வெட்டியதும் வந்த நாற்றம்... காட்டு மிருகம் வலிக்கு முனகாதாம். முனகினால் நாய்க்குக் கேட்டுவிடும். அவ்வளவையும் வாய் திறக்காமல் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது.

"தையல் வெட்டும் வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரப்படாது. நீங்களும்தான், மாஸ்டர். இது பயத்திலயே செத்துப்போற சாதி."

"ஓம்" என்றேன். ஆனால் மனதுக்குள், அது மற்றவர்களுக்குச் சொன்னது என்றுதான் எடுத்துக்கொண்டேன். நாம் எல்லோரும் அப்படித்தானே? 'உள்ளே வரக்கூடாது' என்ற பலகை எப்போதும் அடுத்தவனுக்கு — சீனன்குடா விமானப்படை முகாம் வேலியில் தொங்குவதைத் தவிர!

செவ்வாய் பின்னேரம். டொக்டர் வீட்டுக்குள் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் பழம் இரண்டோடு சத்தமில்லாமல் வளவுக்குள் போனேன். கம்பிப் படலையைத் திறந்து, வழக்கம்போலப் பின்னால், இடப்பக்கமாக. காலில் ஒரு சருகு மிதிபட்டது. அவ்வளவுதான்.

மான் எம்பிப் பாய்ந்தது. கம்பியில் மோதி விழுந்து, எழும்பித் திரும்பவும் பாய்ந்து, மூலைக் கட்டையில் தலை அடிபட்டது. கழுத்து முறிந்துவிட்டது.

டொக்டர் ஓடி வந்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன். குந்தியிருந்து, தையல் போட்ட காதை விரலால் விரித்துப் பார்த்தார். ஒரு சொட்டுச் சீழ் இல்லை.

"காது சுகமாகிட்டுது, மாஸ்டர்," என்றார். "நீங்க வந்தது கேட்டிருக்கு."